பெட்டை வழி

வெற்றிலை பாக்குத் தட்டை அண்ணன் சோணையின் வாசலில் இறக்கி வைத்து வெகுநேரமாகியும் அதை உள்ளே எடுத்து வைக்க ஒருவரும் வரவில்லை. வெற்றிலை வெயிலில் துவண்டது. தன் மகன் பேயாண்டிக்கு அண்ணன் மகள் தங்கப்பொண்ணைக் கேட்டு அன்னக்கொடி திருப்பரங்குன்றத்துக்கு நடந்தே வந்திருந்தாள். உரிமைப் பெண். முறைக்குக் கேட்க வேண்டியதுகூட இல்லை, எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் முறையெல்லாம் கையில் நாலு காசு உள்ளவர்களுக்குத்தான். அண்ணனே கைவிட்டால் இந்த ஜில்லாவில் வேறு எவன் பேயாண்டிக்குப் பெண் தருவான்?

அவள் புருஷன் கருத்தக்கண்ணன் சேவல்கட்டில் வயலையெல்லாம் பந்தயம் வைத்துத் தோற்றுவிட்டு, காங்கிரஸ் ஜெயித்த வருஷம் கண்டிக்கு ஓடிப்போனவன். பேயாண்டி இன்றுவரை ஒரு சேவலைத் தொட்டதில்லை. அதை யார் நம்புகிறார்கள்?

சோணையும் சேவல் வளர்க்கிறவன்தான். பந்தயம் கட்டமாட்டான், கட்டுகிறவர்களுக்கு விற்பான். மடியில் ஒன்றை வைத்துத் தடவிக்கொண்டே பேசினான்.

"பய நல்லவந்தான் தாயி. ஆனா அப்பன் ரத்தம் எங்க போகும்? இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குக் கெளம்பும். எம் பொண்ணு நடுத்தெருவுல நிக்கவா?"

"நீ குஞ்சு வாங்கப் போனா எதைப் பாத்துண்ணே வாங்குவ?"

"பெட்டையத்தான். குணம் பெட்டை வழிதான வரும்."

"அப்ப எம் மகனுக்கு மட்டும் ஏன் அப்பனப் பாக்குற? அவனப் பெத்தவ நானு. ஒங்கூடப் பொறந்தவ."

சோணை சேவலைத் தடவியபடியே லேசாகச் சிரித்தான். கதவுக்குப் பின்னால் தங்கப்பொண்ணின் வளையல் சத்தம் கேட்டது. அண்ணன் இளகிவிட்டான், இன்னும் ஒரு சொல் போதும்.

"கம்மாக்கரைத் துண்டு நெலம் ஒண்ணுதான் எனக்கு மிச்சம். எம் மகன் ஆயுசுக்குள்ள பந்தயத்துல கை வச்சான்னா அத நீயே எடுத்துக்க. கையடிண்ணே. பந்தயம்."

கையை நீட்டிச் சொல்லி முடிக்கும்போது அன்னக்கொடிக்கு உடம்பெல்லாம் சூடு பரவியது. பசி, வெட்கம், நடந்து வந்த கால்வலி எல்லாம் போன இடம் தெரியவில்லை. எத்தனையோ வருஷமாக அவள் அறியாத சந்தோஷம். இதற்காகத்தான் அந்த மனுஷன் வயலை விட்டானா என்று தோன்றியது. தோன்றியதுமே பயந்துபோனாள்.

சோணை சேவலைத் தடவுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தான்.

"நெலத்தையா வைக்கிற?" என்றான் மெதுவாக.

கையை மடக்கிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் நீட்டிய கை நீட்டியபடியே அவன் முன்னால் நின்றது.