எப்போதாவதுக்கு எத்தனை ஜிபி?

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் ஒரு மூடநம்பிக்கை உண்டு. கதை எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது அது. நான் லேப்டாப்பில் டொக்டொக்கென்று தட்டுவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். தினமும் பஸ்ஸில் போகிறவனுக்கு இன்ஜின் தெரியும் என்று யாரும் நினைப்பதில்லை. என் விஷயத்தில் மட்டும் நினைத்துவிட்டார்கள். அதனால் அண்ணிக்கு லேப்டாப் வாங்க வேண்டும் என்றதும் அண்ணன் என்னைத்தான் கூப்பிட்டான்.

"உங்கண்ணி படிக்கறதுக்குடா. எப்பவாவது கொஞ்சம் கிராபிக்ஸ் வேலையும் இருக்காம். என்ன கான்ஃபிகரேஷன்னு நீயே பார்த்துச் சொல்லு."

"அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு," என்றேன். கான்ஃபிகரேஷன் என்றால் என்ன என்று அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் தேடிப் பார்த்துக்கொண்டேன். எட்டு ஜிபியா, பதினாறு ஜிபியா என்று ஆளுக்கொன்று சொல்லும் வீடியோக்களைப் பார்த்து விழி பிதுங்கியதுதான் மிச்சம். தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை. சரி, கதையாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "மழை ஓய்ந்த அந்த மாலையில் அவள் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தபோது" [விட்டுவிட்டேன். மழையே பெய்யவில்லை. கதவும் தானாகத் திறக்கிற கதவு.]

இரண்டாவது: "நவீன வாழ்வில் மனிதனின் சுதந்திரம் என்பது, ஆழ்ந்து நோக்கினால், நினைவகத்தின்" [இதை எழுதிவிட்டு எனக்கே கூச்சமாகி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.]

மூன்றாவது: "அண்ணி பல் செய்கிறவள்." [இது இருக்கட்டும்.]

3

அண்ணி பல் செய்கிறவள். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து, சின்ன அட்டைப்பெட்டியில் வைத்து அவள் வேலை செய்யும் டென்டல் லேபுக்கு அனுப்புவார்கள். அண்ணி அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வார்ப்பாள். பிறகு மெழுகில் பல்லைச் செதுக்குவாள். என் முன்பல் ஒன்றும் அவள் கைவேலைதான். இந்தக் கதையில் நான் அசடு வழிகிற இடத்திலெல்லாம் அதுதான் பளிச்சிடுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அஞ்சல் வழியில் மருத்துவமனை நிர்வாகம் படிக்கச் சேர்ந்திருந்தாள். முடித்தால் லேபில் மேற்பார்வை வேலை கிடைக்கும் என்று அண்ணன் ஆசைப்பட்டான். அவளுக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை.

"கிராபிக்ஸ்னா என்ன மாதிரி அண்ணி?" என்று நிபுணர் குரலில் கேட்டேன்.

அவள் உள்ளே போய் ஓர் அடுக்கு அட்டைகளைக் கொண்டுவந்தாள். தாடைகள் வந்த பெட்டிகளின் மூடிகள். ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் ஒரு முகம் இருந்தது.

"யாரு அண்ணி இவங்கல்லாம்?"

"யாருக்குத் தெரியும்? எனக்குத் தாடை மட்டும்தானே வருது. மேல மூஞ்சி எப்படி இருக்கும்னு யோசிச்சுப் போடுவேன். இவரைப் பாரு, பல்லு ஒரு பக்கம்தான் தேஞ்சிருந்துச்சு. இன்னொரு பக்கம் வலி போல. ரொம்ப நாளா யார்கிட்டயும் சொல்லாம இருந்திருக்காரு."

அந்தக் கிழவரின் கன்னத்தில் அந்த வலி அப்படியே இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது.*

"எப்பவாவது போடுவீங்களா?"

"தினமும்," என்றாள். உடனே மூடிகளைச் சேர்த்து அடுக்கினாள். "உங்கண்ணன்கிட்ட எப்பவாவதுன்னு சொல்லி வச்சிருக்கேன் தம்பி. உளறிடாத. தினமும்னு சொன்னா, அப்ப படிப்பு என்னத்துக்குன்னு கேப்பாங்க. ரெண்டும் வேணும்னு எனக்குச் சொல்லத் தெரியல."

விஷயம் இதுதான். படிப்புக்கு மட்டும் என்றால் சாதாரண மெஷின் போதும். தினமும் வண்ணத்தில் வரைய வேண்டுமென்றால் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு, நிறத்தை உள்ளபடி காட்டும் திரை, அதில் வரையப் பேனா எல்லாம் வேண்டும். எதை வாங்குவது என்பது அண்ணி தன்னைப் பற்றி அண்ணனிடம் எவ்வளவு சொல்லப்போகிறாள் என்பதைப் பொறுத்தது. வீடியோக்களில் இதை யாருமே சொல்லவில்லை.

(* சொந்தக்காரர்களைப் பற்றி எழுதும்போது தொண்டை அடைத்தது என்று எழுதக் கூடாது என்பது என் கொள்கை. கொள்கை கிடக்கட்டும்.)

4

கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று அண்ணனைக் கொஞ்சம் முறைக்கவைத்துப் பார்த்தேன். "அவன் கண்கள் சிவந்தன. 'பொம்பளைக்கு எதுக்குப் படம்' என்று" [சகிக்கவில்லை. அண்ணன் கண் சிவந்து நான் பார்த்தது வெங்காயம் நறுக்கும்போது மட்டும்தான்.]

அண்ணன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். எந்தச் சாமானாக இருந்தாலும் அது எவ்வளவு பாரம் தாங்கும், எதற்கு வேண்டும் என்றுதான் கேட்பான். அந்த வாரம் வேறொரு எரிச்சலில் இருந்தான். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையாமல், நோயாளி ஒருத்தரை நாற்காலியில் உட்காரவைத்துப் படி வழியே தூக்கி இறக்கியிருக்கிறார்கள்.

"தினமும் ஏறுறவனை மட்டும் கணக்குப் பண்ணி லிஃப்ட் போட்டுருக்கானுங்க," என்று சாப்பிட்டபடியே திட்டினான். "ஸ்ட்ரெச்சர் வர்ற அன்னைக்கு என்ன பண்ணுவானுங்க?"

அண்ணி அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். அவன் திட்டியதைக் கதைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று முதலில் அடித்துவிட்டிருந்தேன். பிறகுதான் திரும்பச் சேர்த்தேன்.

5

மூன்று பேருமாகக் கடைக்குப் போனோம். இரண்டு லேப்டாப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்று சாதாரணம், ஒன்று பெரியது. நான் "பிராசஸர்" என்று ஆரம்பித்தேன். விற்பனைப் பெண் "எந்த ஜெனரேஷன் சார்?" என்று கேட்டாள். அத்தோடு என் பங்கு முடிந்தது.

அண்ணி கைப்பையிலிருந்து ஷேடு கைடை எடுத்தாள். வெள்ளை முதல் பழுப்பு வரை மாதிரிப் பற்களை வரிசையாகச் செருகிய பட்டை அது. கட்டும் பல் பக்கத்துப் பல்லோடு சேர்கிறதா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். இரண்டு திரையிலும் வெறும் வெள்ளையை வரவழைத்து, ஒவ்வொரு பல்லாக ஒட்டி வைத்துப் பார்த்தாள். கடையில் இருந்தவர்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

"பெருசு மஞ்சளடிக்குது. இது வேணாம்," என்றாள்.

முதல் பிரதியில் இந்த இடத்தில் நான் விசிலடிக்காத குறை. "கடையே வாயடைத்து நின்றது. படித்தவர்கள் தலைகுனிந்தார்கள்" என்று ஒரு முழுப் பக்கம் எழுதினேன். நடந்தது வேறு. விற்பனைப் பெண் ஒரு பட்டனைத் தட்டினாள். "கண்ணுக்கு இதமா இருக்கட்டும்னு மஞ்சள் மோடு போட்டிருந்துச்சு மேடம்," என்றாள். திரை பாலாக வெளுத்தது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த ஒரு பக்கத்தை நான் அழித்தேன்.

ஆனால் சிரித்து முடித்த பிறகும் அவள் பெரிய திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பற்களை மறுபடி ஒட்டி வைத்தாள். ஒவ்வொன்றும் அதன் நிறத்திலேயே தெரிந்தது. பேனாவை எடுத்து ஒரு தாடைக் கோட்டை இழுத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. இது கிடைக்காமல் போனால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், வாழ்நாள் முழுக்கச் சொல்லமாட்டாள் என்று தோன்றியது.

6

"சின்னதே போதும்," என்றான் அண்ணன். "என்னைக்காவது ஒரு நாள் போடுற படத்துக்கு இவ்வளவு பெருசு எதுக்கு?"

அண்ணி பேனாவைக் கீழே வைத்தாள். "ஸ்ட்ரெச்சரும் என்னைக்காவது ஒரு நாள்தாங்க வருது."

அண்ணன் அவளைப் பார்த்தான். லிஃப்டின் மோட்டார் சத்தத்தைக் கேட்கிறவன்போல் தலையைச் சாய்த்துக்கொண்டான். பிறகு சிரித்துவிட்டான். "என்கிட்டயேவா!" என்று பெரிய லேப்டாப்பைக் காட்டி, "இதையே போடுங்க," என்றான். விற்பனைப் பெண் பெட்டியை எடுக்கத் திரும்பினாள். அப்போது பேச்சோடு பேச்சாக ஒன்று கேட்டான்.

"ஆனா எப்பவாவதுதானே?"

கதை எழுதுகிறவனாக இங்கேதான் மாட்டிக்கொண்டேன். அண்ணி "ஆமா" என்றால் மெஷின் வீட்டுக்கு வரும். அவள் கதவைச் சாத்திக்கொண்டு வரைய வேண்டியிருக்கும். "இல்ல, தினமும்" என்றால் இத்தனை நாள் மறைத்தது வெளியே வரும், மெஷின் வருமோ என்னவோ. "அண்ணி தலைநிமிர்ந்து, 'நான் யார் தெரியுமா' என்று" [அண்ணி இப்படிப் பேசினால் எனக்கே சிரிப்பு வரும்.] "அண்ணன் கண்கலங்கி, 'எனக்கு எப்பவோ தெரியும்' என்று" [இதற்கு அண்ணன் என்னை அடிப்பான்.]

அண்ணி பதில் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், காதில் விழுந்தது. எழுதமாட்டேன். அது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ளது. உங்களுக்கு அண்ணியை இப்போது ஓரளவு தெரியும். அவள் வாயில் எந்தப் பதில் பொருந்தும் என்று நீங்களே வைத்துப் பாருங்கள்.

7

என் லேப்டாப் உயிரை விட்டுவிட்டதால் இதை அண்ணியுடையதில் தட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் பின்னால் நின்று ஆறாவது பகுதியைப் படிக்கிறாள்.

"ஏன் தம்பி, நான் சொன்னதைப் போடலையா?"

"வாசகர்களே முடிவு பண்ணட்டும் அண்ணி. இப்பல்லாம் அப்படித்தான் எழுதறது."

"முடிக்கத் தெரியலன்னு சொல்லு," என்றாள்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த அறையிலிருந்து அண்ணன் கத்தினான்: "டேய், எழுந்திருடா! மணி என்ன ஆச்சு? அவ இன்னைக்கு இன்னும் ஒரு மூஞ்சிகூடப் போடல!"

[வாசகர்கள் கவனிக்க: இதை நான் சொல்லவில்லை. முடிவு இன்னும் உங்கள் கையில்தான். இருங்க அண்ணி, இந்த அடைப்புக்குறியை மட்டும் மூடிட்டு