மழை என்று கத்தாதவர்கள்

எட்டு மணிக்குக் கூட்டம் என்று சொல்லியிருந்தார்கள். பத்தரை ஆகியும் கெனாலெமாங் ஊர்மன்றத்துப் பாயில் கால் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அரை மணி நடைதூரத்தில் அவளுடைய நிலம் காய்ந்துகொண்டிருந்தது. ஓகவாங்கோ ஆற்றின் வெள்ளம் வடிந்து பத்து நாளாயிற்று. மண்ணை அள்ளினால் இன்னும் விரலில் ஒட்டுகிறது. இந்த வெயிலுக்கு மூன்று நாள் தாங்கினால் அதிகம். அதற்குள் உழுது மக்காச்சோளத்தை ஊன்றியாக வேண்டும். தம்பி ஒலேபிலேயின் கழுதைகள் இன்றைக்கு மட்டும்தான் அவளுக்கு. நாளையிலிருந்து அவனுடைய மாமனார் வீட்டு உழவு. "கூட்டமா, உழவா, ஒண்ணைச் சொல்லுக்கா" என்று விடியற்காலையில் வந்து நின்றான். கூட்டம் என்றாள். சொன்ன வாயை இப்போது ஊசி எடுத்துத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

முதலில் ஜெபம். பிறகு வந்தவர்களுக்கு வணக்கம், வராதவர்களுக்கும் வணக்கம். அதற்குப் பிறகு, மொழிபெயர்க்க வந்த பெண் கால்சட்டை போட்டிருப்பதை ஊர்த்தலைவர் கவனித்துவிட்டார். மன்றத்துக்குள் பெண்கள் அப்படி வரக்கூடாது. சுற்றிக்கொள்ள ஒரு துணி தேடி நான்கு வீடு ஏறி இறங்கியதில் முக்கால் மணி நேரம் போயிற்று. ஆறு ஓடுகிற மூன்று நாடுகளும் சேர்ந்து அதை என்ன செய்வது என்று முடிவெடுக்கப் போகின்றனவாம். அதற்கு முன் மக்களின் வாயால் கேட்க வந்திருக்கிறார்களாம். கேட்கிற லட்சணம் இது.

போன கூட்டத்திலும் அவள் பேசினாள். அதைப் பற்றிய புத்தகம் போன வாரம்தான் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. தன் பேச்சைத் தேடித் தேடிப் பார்த்தாள். ஒரு வரி இல்லை. இருந்த வரி இதுதான்: 'ஆண்டு முழுவதும் சீராகத் தண்ணீர் விடும் திட்டத்தை மக்கள் பலத்த ஆரவாரத்துடன் வரவேற்றனர்.' யாரடா வரவேற்றது என்று முதலில் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. இந்த மன்றத்தில் யார் பேசி முடித்தாலும் கூட்டம் "மழை!" என்று கத்தும். வறண்ட நாட்டில் ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிதாக எதை வாழ்த்துவது? மாட்டைப் பிடித்துக்கொண்டு போக வந்தவன் பேசினாலும் கத்துவார்கள். நீ சொன்னதைக் கேட்டோம், உட்கார் என்று அர்த்தம், அவ்வளவுதான். குறிப்பெழுத வந்த பெர்னார்டோ, ஆறு புறப்படுகிற நாட்டின் கடற்கரைக்காரர், ஏதோ ஆய்வு நிறுவனம் அனுப்பிய ஆள். அவர் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவள் கெனாலெமாங்தான். அதை நினைத்தால் இன்னும் காது சுட்டது.

புத்தகத்தைப் பார்த்த நாளிலிருந்து வீடு வீடாக ஏறினாள். இந்தத் தடவை ஒருத்தரும் கத்தக்கூடாது. மற்றவர்கள் சரி என்றார்கள். அவளுடைய தாய்மாமன் செட்ஸ்வாலோ மட்டும் மல்லுக்கு நின்றார்.

"மழைன்னு சொல்லாம ஒரு மனுஷனை எப்படிடி உட்கார வைக்கறது? அவன் என்ன நாயா?"

"அவன் தானா உட்கார்ந்துக்குவான் மாமா. நீங்க வாயைப் பொத்திக்கிட்டாப் போதும்."

"யார் பேசினாலுமா?"

"யார் பேசினாலும்! எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?"

பெர்னார்டோ எழுந்தார். படங்களைக் காட்டி ஒரு மணி நேரம் பேசினார். மேலே ஆற்றுக்குக் குறுக்கே அணைகட்டிக் கதவு போட்டுவிட்டால் இனி வெள்ளம் கிடையாது, வறட்சியும் கிடையாது, பன்னிரண்டு மாதமும் ஒரே அளவு தண்ணீர். நல்ல மனிதர்தான். வியர்த்து வழிய, சிரித்த முகத்தோடு முடித்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்தார்.

ஒரு சத்தமில்லை.

முன்வரிசையில் தான் கொண்டுவந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த செட்ஸ்வாலோவின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. வெளியே வர இருந்ததை இருமலாக மாற்றி விழுங்கினார். யாரோ ஒருத்தி தலைத்துணியின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். பெர்னார்டோவின் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. கெனாலெமாங்குக்கு அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

"என்ன, ஊருக்கே வாய் அடைச்சுப்போச்சா?" என்றார் தலைவர். "விருந்தாளி முன்னாடி என் மானத்தை வாங்கறீங்களா?"

கெனாலெமாங் எழுந்தாள். மரத்த கால் துவண்டது. பக்கத்தில் இருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, போன தடவையும் இதைத்தான் சொன்னேன். இந்தத் தடவை எழுதிக்குங்க. எங்களுக்கு ஒரே அளவு தண்ணி வேண்டாம். தண்ணி வரணும், வந்துட்டுப் போகணும். வந்தா ஈரம், போனாத்தான் நிலம். வருஷம் பூரா நின்னா நான் எங்க விதைக்கறது, உங்க படத்து மேலயா? இன்னைக்கு என் நிலம் காயுது. உழாம இங்க வந்து உட்கார்ந்திருக்கேன். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான்."

மொழிபெயர்க்கிற பெண், சுற்றியிருந்த துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் சொன்னாள். பெர்னார்டோ தலையாட்டினார். மெனக்கெட்டு எழுதினார். பிறகு நிமிர்ந்து எதையோ கேட்டார்.

"இது உங்க சொந்தக் கருத்தா, ஊர்க் கருத்தான்னு கேக்கறாரு அம்மா" என்றாள் அந்தப் பெண். "ரெண்டுக்கும் தனித்தனிப் பக்கமாம்."

"ஊர்க் கருத்துதான்!" கெனாலெமாங் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்களேன், இவங்களுக்கு..."

"உட்காரும்மா!" தலைவர் கைத்தடியால் தரையைத் தட்டினார். "மன்றத்துல ஒருத்தர் வாய்க்கு இன்னொருத்தர் வார்த்தை ஊட்டக் கூடாது. அவங்களுக்கே தெரியும்."

அவள் உட்காரவில்லை. ஆனால் வாயையும் திறக்க முடியவில்லை. நூறு முகங்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அத்தனை பேருக்கும் அந்த ஈரமண்தான் சோறு. ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது! வேலிக்கு அப்பால் புழுதி எழும்பியது. ஒலேபிலே நாளை வரை காத்திராமல் கழுதைகளை ஓட்டிக்கொண்டு மாமனார் வீட்டுப் பாதையில் திரும்பிக்கொண்டிருந்தான். பெர்னார்டோ இரண்டு பக்கங்களையும் பிரித்து வைத்து, பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி பொறுமையாகக் காத்திருந்தார்.

அவள் தன் தாய்மாமனைப் பார்த்தாள். சிறு வயதிலிருந்து அவள் எங்கே வாயைத் திறந்தாலும் முதல் ஆளாக மழை என்று கத்துகிறவர் அவர்தான். செட்ஸ்வாலோ அவளைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். கொடுத்த வாக்கு தவறாமல் இரண்டு கைகளாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தார்.