சாகப்போகிறவர்களுக்குப் பேச்சு வட்டம்

1
இந்தக் கதை ஒரு திட்டிலிருந்து பிறந்தது. "செவ்விந்தியன் எதுக்குய்யா பேசணும்? செத்து விழுந்தாப் போதாதா?" என்று பதிப்பாளர் கத்தினார். கௌபாய் சித்திரக்கதைகளுக்கு வசனம் எழுதுகிறவன் நான். ரசாக் படம் வரைந்து, பேச்சுக்கு வட்டம் விட்டுத் தருவான், நான் நிரப்புவேன். இந்த முறை, குதிரைப்படை சுற்றி வளைத்த ஆற்றங்கரைக் கிராமத்தில், சாகப்போகிற ஒவ்வொருவர் தலைக்கு மேலும் வட்டம் விட்டிருந்தான்.

2
"பனி விலகாத அந்தக் காலையில் நூற்றுக்கணக்கான குதிரைகள்..."

சே! குதிரைகள் நன்றாகத்தான் வருகின்றன. மனிதர்கள்தான் வரமாட்டேன் என்கிறார்கள். (இத்தனை வருடமாக அவர்களை "ஊஊ" என்று கத்தவிட்டே பிழைத்துவிட்டேன்.)

3
ரசாக்கின் படத்தில், கூடாரத்துக்கு வெளியே ஒருத்தி வெள்ளைத் துணியோடு நிற்கிறாள். எதிரே துப்பாக்கி. "இவ என்னடா சொல்லுவா?" என்று ரசாக்கிடம் கேட்டேன்.

"போன மாசக் கலவரத்துல என்ற ஊட்டுக்காரி இஸ்மத் சொன்னதையே எழுதுங்கண்ணா. கதவ ஒடைச்சவங்ககிட்ட, 'ஏனுங்க, கொழந்தை தூங்குதுங்க'ன்னா."

"கொல்ல வந்தவனுக்கு மரியாதையா!"

"வேற எப்பிடிப் பேசறதுன்னு அவளுக்குத் தெரியாதுங்க."

"அப்புறம்?"

"ஒருத்தன் தடியக் கீழ போட்டுட்டுத் திரும்பி நடந்தானுங்க. மத்தவங்களும் போயிட்டாங்க."

அடுத்த வாரமே ரசாக் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்துவிட்டான். புறப்படும்போது எங்கே என்று கேட்டேன். "போய் எழுதறனுங்க" என்றான். இதுவரை கடிதம் வரவில்லை. இப்போது 1997 டிசம்பர், காந்திபுரத்தில் என் லாட்ஜ் அறை. தனியாகக் கிடப்பது எனக்குப் பழக்கம்தான். ரசாக் இல்லாமல் கிடப்பது பழக்கமில்லை. வலிக்கிறது.

4
முடிவு அ: சுடுகிறான். அமெரிக்காவின் மேற்கில் அப்படித்தான் எத்தனையோ கிராமங்கள் அழிந்தன, குழந்தைகளையும் விடவில்லை. எழுதினேன். இஸ்மத்தை நானே சுட்ட மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: துப்பாக்கி தாழ்கிறது. எழுதியதும் வெட்கமாகப் போயிற்று. அமெரிக்காவில் செத்தவர்களுக்காக யாருமே திரும்பி நடக்கவில்லையே? அதையும் அடித்தேன்.

முடிவு இ: பதிப்பாளர் சொன்னபடி வட்டங்களையெல்லாம் வெள்ளை மையால் அழித்து, அவளை ஊமையாக்கி, அப்புறம்... போய்யா, முடியாது.

5
ஒரே ஒரு வட்டத்தை நிரப்பியிருக்கிறேன்: "ஏனுங்க, கொழந்தை தூங்குதுங்க."

அடுத்த கட்டத்தை ரசாக் வரையவில்லை. சுடுகிறவனையும் அவன் எங்கேயும் வரையவில்லை என்பதை இப்போதுதான் பார்க்கிறேன். துப்பாக்கிக் குழல் மட்டும் தாளின் கீழ் விளிம்பிலிருந்து, புத்தகத்தைப் பிடித்திருக்கிறவர் பக்கமிருந்து, அவளை நோக்கி நீள்கிறது.

அவள் சொல்லிவிட்டாள். உங்களிடம்தான் சொன்னாள்.