ஊதாக் குழாய்

காலை பத்து மணிக்கு, விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை மூக்கருகே கொண்டுபோன கிங்ஸ்டனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இருபது வருஷமாகச் சாக்கடைக்குள் கைவிட்ட பிளம்பர். அவனுக்கே குடலைப் புரட்டியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சோப்பும் தலைக்கு வைத்த எண்ணெயும் கலந்து அழுகிய வீச்சம். அது என்ன தண்ணீர் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஓசூர் பேரிகை சாலையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் பெண்கள் விடுதி அது. நூற்றிருபது பேர். அவர்கள் குளித்த, துணி துவைத்த தண்ணீரை வடிகட்டிக் கழிப்பறைத் தொட்டிகளுக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தவன் கிங்ஸ்டன்தான். நல்ல ஏற்பாடு. ஆயிரம் அடி போர் போட்டாலும் காற்றுதான் வருகிற ஊரில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று போகிற இடமெல்லாம் பேசுவான். வடிகட்டிய தண்ணீருக்கு ஊதாக் குழாய், குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளைக் குழாய். சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

கெடுத்தது பெயின்ட். பசுமைக் கட்டடச் சான்றிதழ் தர ஆட்கள் வருகிறார்கள் என்று மேனேஜர் ஆனந்தராஜ் எல்லாக் குழாய்க்கும் பச்சை அடிக்கச் சொல்லிவிட்டார். அவருக்குத் தெரிந்த சுற்றுச்சூழல் அவ்வளவுதான். அதன் பிறகு சாப்பாட்டுக் கூடத்துக்குப் புதுக் குழாய் இழுக்க வந்த கிங்ஸ்டன், வழக்கம்போல இரண்டிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குடிதண்ணீர்க் குழாய் வெயிலில் சுடும். வடிகட்டிய தண்ணீர் கீழ்த்தொட்டியிலிருந்து வருவதால் அந்தக் குழாய் சில்லென்றிருக்கும். கையே சொல்லிவிடும் என்று அவனுக்குக் கர்வம். அன்றைக்கு அவன் வந்தது ஓசூரின் டிசம்பர் விடியற்காலை. இரண்டும் சில்லென்றுதான் இருந்தன. வால்வை மூடிச் சரிபார்க்காமல், குத்துமதிப்பாக ஒன்றைப் பிடித்துச் சேர்த்துவிட்டுப் போய்விட்டான்.

பன்னிரண்டு நாளாகப் பெண்கள் அதைத்தான் குடித்தார்கள்; ஆரம்பத்தில் லேசாக வந்த வாடையைப் புதுக் குழாயின் வாடை என்று விட்டுவிட்டார்கள். வரிசையாக எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு. வார்டன் ரெனிட்டா போன் செய்த பிறகுதான் வந்து மோந்து பார்த்தான்.

அந்த நிமிஷமே வால்வை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. ரெனிட்டாவிடம், “பாத்துட்டு சொல்றம்மா” என்று மழுப்பிவிட்டு மேனேஜர் அறை வாசலில் போய் உட்கார்ந்தான். மீட்டிங் முடிந்து அவர் கூப்பிடப் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது.

“நாளைக்குக் காலைல டீம் வருது. இப்பப் போயி குழாய அறுக்கறேங்கற?” என்றார் ஆனந்தராஜ், கார் சாவியால் காதைக் குடைந்தபடி.

“பொண்ணுங்க குடிக்கறாங்க சார்.”

“ஒரு நாள்தானப்பா? எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடுக்கச் சொல்றேன், வாடை தெரியாது. ஜாயின்ட் போட்டது நீ. வெளிய தெரிஞ்சா இந்த ஓசூர்ல எவன் உன்னைக் கூப்புடுவான்?”

சாவி நுனியைப் பார்த்துவிட்டுச் சட்டையில் துடைத்துக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள். ஆனால் கிங்ஸ்டனுக்கு அவரைவிடத் தன்மேல்தான் அருவருப்பு அதிகமாக இருந்தது. அவன் தலை “சரி சார்” என்று ஆடியிருந்தது.

கீழே வந்தபோது சாப்பாட்டு மணி அடித்தது. பெண்கள் தட்டும் பாட்டிலுமாக வரிசையில் நின்றார்கள். அதற்குள் மேலிருந்து போன் வந்துவிட்டது போல. சமையல்கார நஞ்சம்மா குண்டான் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தாள். பழ வாசனைக்கு அடியில் அதே வீச்சம். கிங்ஸ்டனால் தாங்க முடியவில்லை. குண்டானைக் கவிழ்த்தான். ஓடிப்போய் வால்வை மூடினான்.

“யாரும் குடிக்காதீங்கம்மா. இது நீங்க குளிச்ச தண்ணி. கக்கூஸ் தொட்டிக்குப் போறது. நான்தான் குழாய மாத்திச் சேத்துட்டேன்.”

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பேர் போனால் போகட்டும், சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது.

முன்னால் நின்றவள் சிங்காரப்பேட்டை யுவஸ்ரீ. மூன்று நாளாக வேலைக்குப் போகாமல் அறையிலேயே படுத்துக் கிடந்ததில் கண்கள் குழிவிழுந்திருந்தன.

“உங்களுக்கு எப்பண்ணா தெரிஞ்சுது?”

“இன்னைக்குத்தாம்மா.”

“இன்னைக்கு எப்ப?”

“காலைல... பத்து மணிக்கு.”

அவள் கையிலிருந்த பாட்டிலைத் தரையில் கவிழ்த்தாள்.

“பதினோரு மணிக்கு இந்தத் தண்ணியிலதாண்ணா வயித்துக்கு மாத்திர போட்டேன்.”