அவள் கற்காத பாதி

தையல்காரியின் வாயில் அவச்சொல் வராது. டப்பாவில் அரிசி தீர்ந்தால் ‘நெறஞ்சிருக்கு’ என்பாள். விளக்கை அணைக்கச் சொல்லமாட்டாள், குளிரவைக்கச் சொல்வாள். அவள் புருஷன் பெயின்டர். ஏணியிலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

அங்கே டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இவர்கள் இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் தெரியாது. பேக்கரி வேலைக்கு விடியுமுன் ஓடுகிற மகள் சாயங்காலம்தான் வருவாள். டாக்டரம்மா வருவதோ காலையில். ஆகவே மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவுக்குப் பாடம் எடுத்தாள்.

“நேத்தைவிட இன்னைக்கு வலி எப்படின்னு கேப்பாங்கம்மா. யெஸ்டர்டேன்னா நேத்து. வார்த்தைக்குப் பின்னால ‘அர்’ சேத்துக்கோ. ஸ்ட்ராங், ஸ்ட்ராங்கர். ஸ்மால், ஸ்மாலர். குட் மட்டும் அப்படி வராது, முழுசா மாறி பெட்டர்னு ஆயிடும்.”

“ஏன், குட்டுக்கு மட்டும் கொம்பு மொளைச்சிருக்கா?”

பெயின்டர்கூடச் சிரித்துவிட்டார்.

“பேடும் அப்படித்தான். நேத்தைவிட மோசமா இருந்தா—”

“வேண்டாம்டி. நோயாளி தலைமாட்டுல அந்தப் பேச்சு எதுக்கு? நல்லதை மட்டும் சொல்லிக் குடு.”

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அவளுக்குத் தெரியும். பாடம் பாதியோடு நின்றது.

மறுநாள் டாக்டரம்மா வந்து கேட்டதும் தையல்காரி நிமிர்ந்து நின்று “பெட்டர்” என்றாள். அதற்கடுத்த நாளும் அதையேதான் சொன்னாள். அது முழுப் பொய்யும் அல்ல. ஏணியடியில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தவரோடு ஒப்பிட்டால் இன்று எவ்வளவோ தேவலை! டாக்டரம்மா ஒப்பிடச் சொன்னது நேற்றோடு. அவள் ஒப்பிட்டதோ விழுந்த நாளோடு. பெயின்டரும் ஆமாம் என்று தலையாட்டினார். டாக்டரம்மாவுக்குத் திருப்தி. சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து மகளுக்குப் போனில் சொன்னார்கள்.

கிளம்பவேண்டிய அன்று காலை, ஈரத்துணியால் துடைக்கப் போன தையல்காரி, கட்டுக்கு வெளியே தெரிந்த கால்விரல்களைப் பார்த்தாள். வீங்கி நீலம்பாரித்திருந்தன. தொட்டால் சில்லென்றிருந்தது. பெயின்டர் போர்வையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“எப்போலேர்ந்துங்க இப்படி வலிக்குது?”

“ரெண்டு மூணு நாளாவே. நேத்து ராத்திரிதான் தாங்கல.”

“வாயத் தொறந்து சொல்லக்கூடாதா?”

“நீதான் பெட்டர்னு சொல்லிட்டியே. நான் முனகினா உன் வார்த்தை பொய்யாயிடாதா?”

தன் வாய்ச்சுத்தத்துக்காக இந்த மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்! தன் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

அதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டாள். கையில் வீட்டுக்கு அனுப்பும் சீட்டு. சிரித்துக்கொண்டே, “பெட்டர்?” என்றாள்.

தையல்காரிக்கு அந்த இன்னொரு வார்த்தை தெரியாது. தெரிந்துகொள்ளமாட்டேன் என்று தடுத்தவளே அவள்தான். கையில் இருந்த பாதியை வைத்தே சொன்னாள்.

“யெஸ்டர்டே பெட்டர்.”

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது. குனிந்து விரல்களைத் தொட்டாள், அழுத்தினாள். அப்புறம் எல்லாம் ஓட்டமாக நடந்தது. அங்கேயே மாவுக்கட்டைப் பிளந்தார்கள். கெட்ட வாடை அறையை நிறைத்தது. பெயின்டரை ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

செய்தி கேட்டு மகள் மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்தாள். தையல்காரி அழுது முடித்திருந்தாள்.

“அன்னைக்கு நிறுத்தினியே, அந்த வார்த்தையைச் சொல்லிக் குடுடி.”

கால் தப்பியது.

மறுநாள் காலை டாக்டரம்மா கேட்டதும், தையல்காரி முதல்முறையாகப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

“நேத்தைவிட எப்படிங்க இருக்கு? எனக்காகச் சொல்லாதீங்க.”

“அறுத்த இடம் உயிர் போகுதுடி.”

அவள் டாக்டரம்மாவை நேராகப் பார்த்து, “வொர்ஸ்” என்றாள். வாய் ஒன்றும் வெந்துபோகவில்லை. டாக்டரம்மா தலையசைத்து ஊசி மருந்தைக் கூட்டச் சொன்னாள்.

பெயின்டர் கொத்தாகப் பிடித்திருந்த போர்வையை விட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கட்டிலுக்கு வந்த பிறகு முதல்தடவையாக வாய்விட்டு முனகினார். கேட்கக் கேட்க அவளுக்கு நிம்மதியாக இருந்தது.