மூக்கு வரைக்கும் வந்தவன்

சாட் ரூமில் அவள் பெயர் ஊசிமிளகாய். நிஜத்தில் ஜன்னல் திரை தைக்கிறவள். பகல் முழுக்க ஒரு துணிக்கடையின் பின்னறையில் கத்தரியும் கையுமாக நின்றுவிட்டு, சாயங்காலம் பிரவுசிங் சென்டருக்கு ஓடுவாள். மோடம் கீச்சிட்டு, இரைந்து, ஒருவழியாக இணைப்புக் கிடைத்ததும் வயிற்றுக்குள் யாரோ கிச்சுக்கிச்சு மூட்டுவது போலிருக்கும்.

அந்தப் பக்கம், ஓர் இரவு ரயில் தூரத்தில், 'மேலகீழ' உட்கார்ந்திருப்பான். லிஃப்ட் மெக்கானிக், அதனால் அந்தப் பெயர். 'இன்னிக்கு ஒரு வக்கீல் ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டார். இறக்கி விட்டதும், உனக்கு விவாகரத்துன்னா ஃபீஸே வேண்டாம்னு கட்டிப்பிடிச்சுக்கிட்டார். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை' என்று அடிப்பான். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"மூஞ்சி தெரியாதவன்கிட்ட என்னடி இளிப்பு?" என்பாள் கூடவே வரும் அக்கா. "அதுல இருக்கிறவன்ல பாதிப் பேரு புளுகன், மீதிப் பேரு பிள்ளைகுட்டிக்காரன்."

ஒருநாள் மேலகீழ நேரில் வருவதாகச் சொன்னான். கிளம்புவதற்கு முன் போட்டோ அனுப்பிவிட்டு ரயில் ஏறிவிட்டான்.

போட்டோ மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. பக்கத்து சீட்டுக்காரர்களும் எழுந்து வந்துவிட்டார்கள்.

"முடி இருக்கு. அதுவரைக்கும் பரவாயில்லை," என்றாள் அக்கா.

நெற்றி வந்தது. புருவம் வந்தது. பிறகு கண்கள். அவளுக்குக் காது சூடாயிற்று. மூக்கு நுனி தெரிந்த நேரம் பார்த்து எல்லாம் நின்றுபோனது. மாடியிலிருந்து சென்டர்காரரின் மனைவி, "சொல்லும்மா," என்று போனில் பேசுவது கேட்டது.

சென்டர்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "மாமியார்கிட்டப் பேச ஆரம்பிச்சுட்டா. போனுக்கும் இதுக்கும் ஒரே லைன். இன்னிக்கு இன்டர்நெட் அவ்வளவுதான்மா."

மறுநாள் காலை ஸ்டேஷனில் இறங்கிய ஆண்களையெல்லாம் அவள் ஒரு கண்ணை மூடி, உள்ளங்கையை நீட்டி, மூக்குக்குக் கீழே மறைத்து மறைத்துப் பார்த்தாள். ஒருவர் பயந்துபோய் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். இன்னொருவர் பதிலுக்குக் கை காட்டினார். பொறுமையிழந்த அக்கா, "இங்க மேலகீழ யாருப்பா?" என்று கத்த, ஒரு போர்ட்டர் மாடிப்படியைக் காட்டினார்.

"நான்தாங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

திரும்பினாள். கை தானாக எழுந்து அவன் முகத்தில் பாதியை மறைத்தது. அதே கண்கள். மெதுவாகக் கையை இறக்கினாள். மீசை, அதற்குக் கீழே ஒரு சிரிப்பு, முன்பல் இரண்டுக்கும் நடுவே தாராளமான ஒரு சந்து.

"எப்படி இருக்கேன்?" என்றான், பதறிப்போய்.

"முழுசா லோட் ஆயிடுச்சு," என்றாள். சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவனுக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, அக்கா தனக்குச் சம்பந்தமில்லாதவள் மாதிரி கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.

கல்யாணமாயிற்று. சாட் ரூம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மூடப்பட்டது. பிறந்த வீட்டிலிருந்து துரத்திவிட்ட மாதிரி இருவரும் ஒரு சாயங்காலம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் வீட்டுக்கே இன்டர்நெட் வந்தது, பிறகு அது சட்டைப் பைக்குள்ளேயே வந்துவிட்டது. இப்போது அவள் தைக்கும் திரைகளை, அவள் கண்ணால்கூடப் பார்த்திராத ஊர்க்காரர்கள் போனிலேயே கேட்டு வாங்குகிறார்கள். அவன் மாடியறையில் உட்கார்ந்துகொண்டு கீழே இருப்பவளுக்கு 'டீ கிடைக்குமா' என்று மெசேஜ் போடுகிறான். 'பிஸி' என்று பதில் போய்ச் சேர்கிறது.

அக்கா கதைதான் வேறு. யாரோ தவறான நம்பருக்குக் கூப்பிட்டதற்கு அவள் திட்டிய திட்டைத் தங்கை விளையாட்டாக வீடியோ எடுத்துப் போட, அது காட்டுத்தீயாகப் பரவிவிட்டது. 'என்னையும் திட்டுங்கக்கா' என்று ஊர் பேர் தெரியாதவர்கள் வரிசை கட்டினார்கள். இப்போது தினமும் மதியம் பவுடர் போட்டுக்கொண்டு லைவில் உட்கார்ந்துவிடுகிறாள். தங்கை புருஷன் என்ற உரிமையில் மேலகீழதான் விளக்குப் பிடிக்க வேண்டும்.

"கொஞ்சம் மேல தூக்குங்க மாப்பிள்ளை," என்றாள் அக்கா நேற்று, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். "கழுத்துல சுருக்கம் தெரியுது. பத்தாயிரம் பேரு பார்க்கிறாங்க."