தோள்வலி என்று சொல்லிவிடலாம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாக ஆக வேண்டியதே இல்லை. சென்னைப் பத்திரிகை ஒன்று கேட்டது கட்டுரைதான்: குடியேற்றச் சட்டத்தை எதிர்த்து ஒரு மாநிலத்தையே பலர் புறக்கணிக்கும்போது, விளையாட்டு லீக்குகளும் அதில் சேர வேண்டுமா? நான் அந்த மாநிலத்தில்தான், பீனிக்ஸில் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். பேஸ்பால் லீக்கின் பொறுக்கியெடுத்த வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டம் இந்தச் செவ்வாய்க்கிழமை என் ஊரில்தான். எனவே எனக்கு ஒரு கருத்து இருக்கும் என்று ஆசிரியர் நம்பினார். இருந்தது. "கட்டாயம் சேர வேண்டும்" என்று எழுதிவிட்டு, பக்கத்து வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். தப்பு அங்கேதான் நடந்தது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

அன்று மாலை மைதானத்தின் கூரை மெல்லத் திறந்தது, செவ்வானத்தில் பறவைகள்—

(ஜூலையில் இந்த ஊரில் கூரையைத் திறந்தால் ரசிகர்கள் வெந்துபோவார்கள். மூடி, ஏசி போட்டுத்தான் ஆட்டம். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது முயற்சி:

பக்கத்து வீட்டு கிராசியேலா தினமும் காலையில் காரில் ஏறி பிரேக்கை மிதிப்பாள். நான் பின்னால் நின்று பிரேக் விளக்குகளைப் பார்த்து, "ரெண்டும் எரியுது" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அவள் கணவன் ஹெரிபெர்ட்டோ அந்தக் காரில் கூரைக்கு ஓடு பதிக்கும் வேலைக்குக் கிளம்புவான். அவளிடம் குடியேற்றக் காகிதம் இருக்கிறது, அவனிடம் இல்லை. போன வருஷம் வந்த சட்டப்படி, எதற்காகவாவது வண்டியை நிறுத்தும் போலீஸ், சந்தேகப்பட்டால் காகிதத்தையும் கேட்கலாம். ஒரு பல்பு எரியாவிட்டால் போதும்.

(அந்தப் பகுதியை நீதிமன்றம் நிறுத்தி வைத்திருக்கிறதே என்று கிராசியேலாவிடம் சொன்னேன். "அது பல்புக்குத் தெரியுமா?" என்றாள்.)

இது நிற்கட்டும்.

3

சாப்பாட்டு மேசையில், சுட்ட இறைச்சிக்கும் பீன்ஸுக்கும் நடுவில் போன் ஸ்பீக்கரில் கிடந்தது. பேசியது கிராசியேலாவின் தம்பி மிரோ. லீக்கில் பந்து வீசுகிறவன். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், கூப்பிட்டால் மட்டும் இறங்குகிற ரகம். முப்பத்து நாலு வயதில் முதல்முறையாக ஆல்-ஸ்டாருக்குத் தேர்வாகியிருக்கிறான். இனி ஒருமுறை வாய்க்காது என்பது அவனுக்கே தெரியும். அதைப் புறக்கணிக்கச் சொல்லி அக்கா ஒரு வாரமாக அவனை நச்சரிக்கிறாள்.

"அக்கா, ஏஜென்ட் ஒரு வழி சொல்றார். தோள்வலின்னு சொல்லிடலாமாம். வருஷா வருஷம் நாலஞ்சு பேர் அப்படிச் சொல்லிட்டு வீட்ல படுத்துக்கறாங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"தோள்வலின்னா அது புறக்கணிப்பு இல்லடா. லீவு."

"சட்டத்துக்காக வரலைன்னு சொன்னா அடுத்த வருஷம் என்னை எந்த டீம் சீந்தும்?"

ஹெரிபெர்ட்டோ குறுக்கே விழுந்தான். "மச்சான், இவ கெடக்கா, நீ வா. உன்னை டிவியிலதானே பாத்திருக்கேன்? என் ஊருக்கே வந்து பந்து போடப் போற. ஒரு டிக்கெட் எடுத்து வை."

(ஸ்பானிஷில் வேறு சொல். ஆனால் அவன் சொன்ன தொனிக்கு மச்சானைத் தவிர எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.)

கிராசியேலா போனை விட்டுவிட்டுக் கணவனைப் பார்த்தாள். "அவன் ஆடினா நீ போவ."

"போவேன்."

"ஊர்ல இருக்கற அத்தனை போலீஸும் அங்கதான் நிப்பான்."

"அவனுங்களும் மேட்ச் பாக்கத்தானே வந்திருப்பானுங்க!"

யாரும் சிரிக்கவில்லை. ஒரு வாரமாக அவள் கொள்கை பேசியதெல்லாம் இந்த ஒரு மனிதனுக்காகத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இல்லை, அதுவும் சரியில்லை. கொள்கையும் நிஜம், பயமும் நிஜம். இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் மிரோ சொன்னான்: "அக்கா, நீ என்ன சொல்றியோ அதான். காலைல சொல்லு."

4

கட்டுரையாளராகக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். லீக் ஒரு ஆட்டத்தை வேறு ஊருக்கு மாற்றினால் பெரிதாக என்ன ஆகிவிடும்? பாதி அணிகள் வசந்தகாலப் பயிற்சிக்கு இந்த மாநிலத்துக்குத்தானே வருகின்றன? ஒரு ராத்திரியை மட்டும் தியாகம் செய்வது மலிவான வீரம். ஆனால் என் மாதிரி ஆட்களின் கட்டுரையைத் தொடாதவன்கூட லீக் வாயைத் திறந்தால் கேட்கிறான். ஆகவே மலிவு என்பதாலேயே அது வீண் இல்லை. இரண்டு பக்கமும் என்னால் மணிக்கணக்கில் பேச முடியும். அதனால்தான் கோபமாக வருகிறது.

ஹெரிபெர்ட்டோவையும் நான் நம்பவில்லை. காகிதம் இல்லாதவன் புறக்கணிப்பைத்தானே ஆதரிக்க வேண்டும்? முதல் வரைவில் அவனை மேசையைக் குத்த வைத்து, "நம்மை அவமதிக்கிற மண்ணில் பந்து வீசாதே!" என்று முழங்கவிட்டேன். வாசித்துக் காட்டியதும் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"எழுத்தாளரம்மா, இது யாரு? எனக்காக எல்லாரும் எதையாவது நிறுத்தறாங்க. எனக்காக யாராவது எதையாவது நடத்தட்டுமே."

அந்த வரைவைக் கிழித்துப் போட்டேன்.

5

முடிவுகள். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அ. மிரோ தோள்வலி என்கிறான். ஹெரிபெர்ட்டோ டிவியில் ஆட்டம் பார்க்கிறான், பாதியில் அணைக்கிறான். மச்சானோடு ரொம்ப நாள் பேசுவதில்லை.

ஆ. மிரோ உண்மைக் காரணத்தைச் சொல்கிறான். செய்தித்தாள்கள் இரண்டு நாள் கொண்டாடுகின்றன. அடுத்த வருஷம் அவன் அணியில் இல்லை.

இ. மிரோ வருகிறான். கடைசிவரை அவனைக் கூப்பிடவே இல்லை. ஹெரிபெர்ட்டோ தொண்டை வற்றக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்து தூங்குகிறான்.

சற்று முன்பு மூன்றையும் கிராசியேலாவுக்கு வாசித்தேன்.

"மூணுலயும் என் புருஷன் ராத்திரி வீட்ல இருக்கான்," என்றாள். "நாலாவது எங்க?"

"எந்த நாலாவது?"

"நடிக்காத."

எழுத உட்கார்ந்தேன். ஈ. ஆட்டம் முடிந்து திரும்பும் வழியில், பாலத்துக்கு அடியில், பின்னால் ஒரு சைரன்—

முடியவில்லை. என் கை அதை எழுதாது.

6

இப்போது திங்கள் காலை. நான் அவர்கள் அடுப்படியில் நிற்கிறேன். மிரோ போனில் காத்திருக்கிறான். கிராசியேலா என்னிடம், "நீ சொல்லு, நான் அவனை வரச் சொல்லவா, வேண்டாம்னு சொல்லவா?" என்கிறாள். லீக் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் நூறு பேர் நூறு சொல்வோம். இங்கே பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். அது நானாக இருக்க விருப்பமில்லை, அதனால் உங்களைக் கூட்டி வந்தேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஹெரிபெர்ட்டோவும் இங்கேதான் நிற்கிறான். எதைச் சொன்னாலும் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.